பேட்டரிக்கு விட்ட லீவு

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘பொட்டி’. மருமகள் யு.பி.எஸ். என்று சொல்லுவாள். அலுவலகங்களில் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் கறுப்பாக உட்கார்ந்திருக்குமே, கரண்ட் போனதும் கீக் கீக் என்று கத்துமே, அதுதான். கரண்ட் போன பிறகு பத்து நிமிஷம் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் வேலையை ஏறக்கட்டிவிட வேண்டும். அது செய்யப்பட்டதே அவ்வளவுக்குத்தான். எங்கள் வீட்டுக்கு வந்த பொட்டி ஐந்து மணி நேரம் தாங்கியது. அப்படிப்பட்டதற்கு நான் ஒரு துரோகம் செய்தேன். தெரிந்து செய்யவில்லை, பக்தியில் செய்தேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு தெருவில் எங்களுக்கு மாடி போர்ஷன். இருபத்திரண்டு படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மருமகள் எங்களோடு. அமெரிக்கா ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஆபீஸ். நான் பத்தாவதோடு நின்றவள். அவள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசும்போது எனக்கு ஒன்றும் புரியாது, ஆனால் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிக்கப் பிடிக்கும்.

முதல் தடவை அவளுக்கு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது உண்டானதும் அடையாறு டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்கள். படி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது, வண்டியில் குலுங்கக்கூடாது. வீட்டுக்குள் நடக்கலாம், சாய்ந்து உட்காரலாம், அவ்வளவுதான். ஆபீஸில் மனசு வைத்து கம்ப்யூட்டரை வீட்டுக்கே அனுப்பினார்கள். மடியில் வைக்கிற வகை இல்லை, மேசையில் வைக்கிற பெரியது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. வேலை நேரத்தில் ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை லைன் அறுந்து போனால், ஆபீஸுக்கே வந்து செய்ய வேண்டும். வர முடியாதென்றால் வேலையை விட்டுவிட வேண்டும்.

அந்த மாதம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. முதல் பத்து நாளுக்குள் கரண்ட் போய் இரண்டு தடவை அறுந்துவிட்டது.

“போனாப் போகுதுமா. புள்ளைதான் முக்கியம். வேலை நாளைக்கு வேற கெடைக்கும்” என்றேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுக்கு இல்ல அத்தை. இதயும் விட்டுட்டா நாள் பூரா படுத்துக்கினு வயித்தையே நெனச்சிக்கினு இருப்பேன். போன தடவ மாதிரி ஆயிடுமோ, ஆயிடுமோன்னு. பயத்துலயே ஏதாவது ஆயிடும் எனக்கு.”

அன்றைக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலில் போய் நின்று, வேலையைக் காப்பாற்று தாயே என்று கேட்டுக்கொண்டேன். பிள்ளைக்காகத்தான் அப்படிக் கேட்டேன், அம்மனுக்குப் புரிந்திருக்கும்.

வீட்டு ஓனர் பெரிய இன்வெர்ட்டர் வைக்க விடமாட்டார். லைனில் கை வைக்கக்கூடாது என்பார். இந்தச் சமயத்தில்தான் தி. நகரில் ஓர் ஆபீஸைக் காலி செய்தவர்கள் எங்கள் வீட்டுக்காரர் ஆட்டோவில் பழைய சாமான்களை ஏற்றி அனுப்பினார்கள். அதில் இந்தப் பொட்டி இருந்தது. பேட்டரி செத்துப்போச்சு, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை மாடிக்குக் கொண்டு வரவில்லை, நேராகப் பாயிடம் கொண்டுபோய்விட்டார்.

பாய்க்கு ராயப்பேட்டை போகிற வழியில் பேட்டரிக் கடை. முப்பது வருஷமாக எங்கள் வீட்டுக்காரருக்கு அவர்தான் பேட்டரி, அவர்தான் பொழுதுபோக்கு. இரண்டு பேரும் பேசுவதைப் புதிதாகக் கேட்பவர்கள் சண்டை என்றுதான் நினைப்பார்கள். மறுநாள் பாய் பொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியேறி வந்தார். பின்னால் இவர் ஒரு கார் பேட்டரியைச் சுமந்து மூச்சு வாங்க வந்தார்.

“இன்னா நைனா, இதுக்கே நாக்கு தள்ளுது?” என்றார் பாய்.

“நீ ஏன் சொல்ல மாட்டே? லேசானத நீ எடுத்துக்கினே, பாறாங்கல்ல என் தலையில கட்டிட்டே.”

பாய் பொட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே செங்கல் மாதிரி ஒரு சின்ன பேட்டரி, வீங்கிப்போய் இருந்தது. அதைக் கழற்றிப் போட்டார். அது இருந்த இடத்திலிருந்து தடியாக இரண்டு ஒயரை, சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, பின்னால் ஓட்டை போட்டு வெளியே இழுத்தார். நடுவில் ஃபியூஸ் வைத்தார். பால்கனிக் கதவோரம் ஒரு பலகை போட்டு அதன் மேல் கார் பேட்டரியை வைத்து ஒயர்களை முடுக்கினார். “பேட்டரி மூச்சு வுடும் தங்கச்சி. காத்தாடற எடத்துலதான் இருக்கணும். பக்கத்துல வெளக்கு கிளக்கு ஏத்திடாதே” என்றார். பொட்டியின் பக்கவாட்டில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த குட்டி ஃபேன் ஒன்றையும் பொருத்தினார். பத்து நிமிஷம் ஓடுவதற்காகச் செய்ததை மணிக்கணக்கில் ஓட்டினால் சூடாகிவிடுமாம்.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். “ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கோ. இது சின்னப் பேட்டரிக்குன்னு செஞ்ச சார்ஜர். பெரிய பேட்டரிய ரொப்பணும்னா அண்டாவ டம்ளரால ரொப்பற கதைதான். காலியாச்சுன்னா முழுசா ஏற ரெண்டு நாள், மூணு நாள் ஆகும். பிளக்கைப் புடுங்கக்கூடாது. எப்பவும் சொருவியே இருக்கணும்.”

தலையை ஆட்டினேன். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

பொட்டிக்குப் பெரிய பரீட்சை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பதுக்கு நிறுத்திய கரண்டை மதியம் இரண்டுக்குத்தான் விட்டார்கள். தெருவே ஃபேன் இல்லாமல் வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் டக டக என்று தட்டிக்கொண்டிருந்தாள். குட்டி ஃபேன் கொய்ங் என்று சுற்றியது. பத்து நிமிஷப் பொட்டி ஐந்து மணி நேரம் நின்றது! கரண்ட் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, முதல் குழந்தை கலைந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஆயுத பூஜை. உழைக்கிற எல்லாவற்றுக்கும் அன்று ஓய்வு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அரிவாள்மனையைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் பூஜையைப் பிரிக்கும் வரை அதில் ஒரு கீரைத்தண்டு கூட நறுக்கமாட்டேன். தையல் மிஷின், கத்தரிக்கோல், இவருடைய ஸ்பேனர் செட், தேய்ந்து வழுவழுப்பாகிப்போன என் அம்மிக்குழவி, எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்கார்ந்தன. கீழே நின்ற ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. மருமகளுக்கு அன்று லீவு, உள்ளே படுத்திருந்தாள்.

பொரி கடலை எடுக்கப் போகும்போது பால்கனிக் கதவோரம் பொட்டி கண்ணில் பட்டது. பச்சை விளக்கு எரிய, ஃபேன் சுற்ற, அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த வீட்டில் நேற்று இதைவிட யார் உழைத்தார்கள்? எல்லாருக்கும் லீவு, இதற்கு மட்டும் இல்லையா? ஸ்விட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். துணியால் துடைத்து, மூன்று விரலால் விபூதி இழுத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தி சார்த்தினேன். பேட்டரிக்கும் ஒரு பொட்டு. ‘ஒரு நாள் நிம்மதியா இரு ராசா’ என்று வாய்விட்டே சொன்னேன்.

பாய் சொன்னது அப்போது என் தலைக்குள் எங்கே ஒளிந்துகொண்டதோ தெரியாது.

விஜயதசமி அன்று காலையில் பூஜையைப் பிரித்து, எட்டரை மணிக்குப் பொட்டியை மறுபடி செருகினேன். ஒன்பதுக்கு மருமகள் உட்கார்ந்தாள். ஒன்பதே முக்காலுக்கு இடி இடித்து மழை கொட்டியது, கரண்ட் போயிற்று. பொட்டி ஒரு தரம் கீக் என்றது. அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, கட்டை விரலை மட்டும் எனக்குத் தூக்கிக் காட்டினாள். நானும் பெருமையாக அடுப்படிக்குப் போய்ச் சுண்டலுக்குத் தாளித்தேன்.

பத்தரை இருக்கும். பொட்டி கத்த ஆரம்பித்தது. ஒன்றிரண்டு தரம் இல்லை. கீக்கீக்கீக்கீக் என்று மூச்சு விடாமல். நான் ஓடி வந்தபோது மருமகள் ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அத்தை, பேட்டரி முடியுதுன்னு கத்துது! மேலதிகாரி லைன்ல இருக்காங்க. இப்போ அறுந்தா மூணு!”

பால்கனியில் நின்று கீழே கத்தினேன். தெருவில் மழை லேசாக விட்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்தார். மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று எலுமிச்சம்பழம். பதினோரு மணிக்கு நல்ல நேரம். அதில் பழத்தை நசுக்கிக்கொண்டு முதல் சவாரி புறப்பட்டால் வருஷம் முழுக்க வண்டி தடங்கல் இல்லாமல் ஓடும் என்பது அவர் நம்பிக்கை. அதற்கு முன்னால் வண்டியில் கை வைக்கவே மாட்டார்.

இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். ஒயரை அசைத்துப் பார்த்தார், முடுக்கிப் பார்த்தார். பொட்டி கத்திக்கொண்டே இருந்தது. உடனே பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“இன்னா பாய், செத்த பேட்டரிய என் தலையில கட்டிக்கிறே? முந்தாநேத்து அஞ்சு மணி நேரம் ஓடிச்சி, இன்னிக்கி முக்கா மணி நேரத்துல படுத்துக்கினு கீது!”

“நான் குடுத்தது நல்ல பேட்டரி நைனா.”

“இன்னா நல்ல பேட்டரி? முப்பது வருஷம் பழகி, என் மருமவ விஷயத்துலயா கைய வெக்கிறது?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பாய் இப்படிப் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. எதற்கும் ஒரு பதிலடி வைத்திருப்பவர் அவர். அப்போதுதான் என் கண் பொட்டியின் மேல் பட்டது. விபூதிப் பட்டை அழியாமல் இருந்தது. வாடின சாமந்தி அப்படியே தொங்கியது. முந்தாநாள் முழுசாகக் காலியான பேட்டரி. ஒரு ராத்திரி மட்டும் குடித்திருக்கிறது. மறுநாள் பூராவும் நான் பட்டினி போட்டிருக்கிறேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியதையும் மறைக்கவில்லை. அன்று காலையில்தான் அம்மன் முன்னால் கற்பூரம் காட்டியிருந்தேன்.

“அவர ஒண்ணும் சொல்லாதீங்க” என்றேன். “நான்தான் நேத்து பூஜைக்குன்னு பிளக்கைப் புடுங்கி வெச்சேன். லீவு விட்டேன் அதுக்கு. இன்னிக்குக் காலைலதான் சொருவினேன்.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மருமகள் பார்த்தாள். போனில் பாய் மெதுவாகக் கேட்டார், “தங்கச்சி, லீவா வுட்டே?”

“ஆமா பாய்.”

“அரே, வேற எதுக்கு வேணா லீவு வுடும்மா. பேட்டரி சும்மா கெடக்கறப்போதான் சாப்புடும். நீ லீவுன்னு சொல்லிச் சோத்துத் தட்டைப் புடுங்கிட்டியே!” உடனே குரல் மாறியது. “நைனா, நான் பாலவாக்கத்துல பொண்ணு வீட்ல கீறேன். வர ஒரு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் பொட்டி தாங்காது. உன் வண்டி பேட்டரிய கழட்டு.”

இவர் பால்கனியிலிருந்து ஆட்டோவை எட்டிப் பார்த்தார். மாலையும் வாழைக்கன்றுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் மழையில் பளபளத்தது. அதை அவர் எவ்வளவு நம்புகிறார் என்று எனக்குத் தெரியும்.

“நல்ல நேரம் இன்னும் வரலியே” என்றேன்.

“இருக்கட்டும்மே” என்றார். “இந்த வருஷம் மொத சவாரி மாடிக்கு.”

பூஜையில் வைத்த ஸ்பேனரை எடுத்துக் குங்குமத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடினார். இறங்குகிற சத்தம் கேட்டது, பிறகு ஏறுகிற சத்தம். பொட்டி கத்துகிற கத்தலில் மருமகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மைக்கைப் பொத்தித் திறந்து, பொத்தித் திறந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகில் கை வைத்து நின்றேன். நான் எந்த மந்திரமும் சொல்லவில்லை. என் தப்புக்கு இவளைத் தண்டிக்காதே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“ஸ்பீக்கர்லயே கீறியா பாய்?” இவருக்கு மூச்சு இரைத்தது. கார் பேட்டரிக்குப் பக்கத்தில் ஆட்டோ பேட்டரியை வைத்தார். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரும் வைத்திருக்கிற கிளிப் ஒயர் கையில் இருந்தது.

“கீறேன். மொத செவப்பு. அதுலேர்ந்து இதுக்கு, செவப்புக்கு செவப்பு. போட்டியா? அப்புறம் கறுப்புக்கு கறுப்பு. மாத்திப் போட்டே, பொறி பறக்கும். பழைய பேட்டரிய கழட்டாதே, கழட்டினா கம்ப்யூட்டரு அணைஞ்சிடும்.”

முதல் கிளிப்பைக் கடிக்க வைத்தார். இரண்டாவதை வைக்கும்போது சின்னதாக ஒரு பொறி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கத்தல் நின்றது.

கண்ணைத் திறந்தால் கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. குட்டி ஃபேன் கொய்ங் என்றது. மருமகள் ஏதோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள், நடுவில் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“நின்னுச்சா?” என்றது போன்.

“நின்னுச்சு பாய்” என்றார் இவர். “பாத்து வா. ரோடெல்லாம் தண்ணி நிக்கும்” என்றார்.

ஒன்றே கால் மணி நேரம் ஆட்டோ பேட்டரி தாங்கியது. பன்னிரண்டு மணிக்கு பாய் சொட்டச் சொட்ட நனைந்து படியேறி வந்து கதவைத் தட்டினார், அதே நேரத்தில் கரண்ட் வந்தது. “பாத்தியா தங்கச்சி? என் மூஞ்சியப் பாத்ததும் வந்துடுச்சி” என்றார். துண்டு கொடுத்தேன். அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. “என்னால உங்களுக்குக் கெட்ட பேரு பாய்” என்றேன். “அவன் வாய்க்கு நான் பழகினவன்மா. நீ சுண்டல் குடு” என்றார்.

ஆட்டோ பேட்டரியைக் கீழே கொண்டுபோய் மாட்டினார்கள். சாவியைத் திருப்பினால் வண்டி க்ளக் என்றது, அதோடு சரி. இருந்த பலத்தையெல்லாம் மருமகளுக்குக் கொடுத்துவிட்டுப் பேட்டரி படுத்துவிட்டது. புது மாடல் வண்டி, கையால் இழுக்கிற லீவர் கிடையாது.

“தள்ளினாத்தான் எடுக்கும்” என்றார் இவர், தலையைச் சொறிந்தபடி. பிறகு பாயைப் பார்த்தார். “என் மேல கோவம் கீதுன்னா, தள்றதுல காட்டு பாய்.”

“அப்போ நீ சாந்தோம் பீச்சுலதான் போய் நிப்பே” என்றார் பாய்.

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தள்ளினேன். மூன்று எலுமிச்சம்பழமும் பச்சக் பச்சக் என்று நசுங்கின. பத்தடி தள்ளியதும் வண்டி உறுமிக்கொண்டு ஓடியது. மாலை காற்றில் பறக்க, வாழை இலை கிழிந்து ஆட, இவர் தெருக்கோடி வரை போய்த் திரும்பி ஹாரன் அடித்தார். நல்ல நேரம் முடிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. சேற்றுத் தண்ணீர் புடவையெல்லாம் தெறித்து, மூச்சிரைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தேன்.

ஜன்னலில் மருமகள் நின்றிருந்தாள். காதில் ஹெட்செட். லைனில் ஆள் இருக்கிறார்கள் போல. சிரிக்க முடியாமல் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் இரண்டு விரலை உயர்த்தி எனக்குக் காட்டினாள்.

இரண்டே இரண்டுதான். மூன்றாவது விழவில்லை.

தை மாதத்தில் பேத்தி பிறந்தாள். பிரசவ வலி எடுக்கிற வாரம் வரை அவள் அம்மா வேலை பார்த்தாள். அடுத்த ஆயுத பூஜைக்கும் பொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன், சாமந்தி சார்த்தினேன். இந்த முறை பிளக் சுவரிலேயே இருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கற்பூரத்தட்டை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாமல் தூரத்தில் நின்றே காட்டினேன். இடுப்பில் இருந்த பேத்தி பச்சை விளக்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

“தொடக்கூடாது கண்ணு” என்றேன். “சாப்ட்டுக்கினு கீது.”